பெட்டியில் வேகம் இருக்கிறது. செய்தவர் பெயர் எங்கே?

எத்தனையோ வீடுகளில், பீரோவின் மேல் அடுக்கில், பட்டுப் புடவைக்கும் பத்திரக் கட்டுக்கும் நடுவே ஒரு சிறு பெட்டி இருக்கும். திறந்தால் பளபளவென்று நாலைந்து தட்டுகள். ஒன்றின் மேல் "கல்யாணம்" என்று எழுதியிருக்கும். ஒன்றில் "காது குத்து". இன்னொன்றில் "தாத்தா சதாபிஷேகம்".

இருபது வருஷங்களுக்கு முன்னால் கம்ப்யூட்டரில் வைத்து எழுதிய சி.டி.க்களும் டி.வி.டி.க்களும் அவை.

அவற்றில் எத்தனை இன்று ஓடும்?

போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்று நன்றாக ஓடும். அதே கடையில், அதே பெயருள்ள பெட்டியில் வாங்கிய இன்னொன்று பாதியில் நின்றுவிடும். மூன்றாவதைப் போட்டால், உள்ளே ஒன்றுமே இல்லை என்று யந்திரம் கை விரித்துவிடும்.

"தட்டு சரியில்லை" என்பார் கம்ப்யூட்டர் விற்றவர். "கம்ப்யூட்டர் சரியில்லை" என்பார் தட்டு விற்றவர். "எழுதத் தெரியாமல் எழுதிவிட்டார்கள்" என்று இரண்டு பேரும் சேர்ந்து சொல்வார்கள். இவர் அவரைக் கை காட்டுவார். அவர் இவரைக் கை காட்டுவார். காசு போனது மட்டும் வாங்கியவருக்கு!

உண்மையில் குற்றம் வேறோர் இடத்தில் இருக்கிறது. வாங்குகிறவருக்கு அவசியம் தெரிய வேண்டிய செய்தி ஒன்றை வியாபாரம் சொல்லாமல் விட்டது. அவ்வளவாகத் தேவைப்படாத செய்தி ஒன்றைப் பெரிய எழுத்தில் போட்டது. சொல்லாமல் விட்டது, தட்டைச் செய்தவர் யார் என்பது. பெரிதாகப் போட்டது, வேகம்.

இதனால் வந்த வினை என்ன, இப்போது செய்யக் கூடியது என்ன என்பதைப் பொது ஜனங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

எழுதுவது எப்படி?

கடையில் விற்கும் சினிமா சி.டி. வேறு, வீட்டில் எழுதும் சி.டி. வேறு. சினிமாத் தட்டு அச்சில் அழுத்திச் செய்யப்படுவது. நாணயம் அடிப்பது போல. அதிலுள்ள குழிகள் உண்மையான குழிகள்.

வீட்டில் எழுதும் தட்டில் குழி கிடையாது. அதற்குள் மெல்லிய சாயப் பூச்சு ஒன்று இருக்கிறது. ரைட்டரிலிருந்து வரும் லேஸர் ஒளி அந்தச் சாயத்தை அங்கங்கே சுடுகிறது. சுட்ட இடம் மங்கும். சுடாத இடம் அப்படியே இருக்கும். மங்கல், வெளிச்சம், மங்கல், வெளிச்சம் என்று மாறி மாறி வருவதை யந்திரம் படித்துப் பாட்டாகவும் படமாகவும் ஆக்குகிறது. ஆங்கிலத்தில் இதற்கு "பர்ன்" என்று பெயர் வந்தது இதனால்தான். எரிப்பது என்று பொருள்.

ஜெர்மனியில் செய்த ஒரு பிரபலமான எழுதும் மென்பொருளுக்கு "நீரோ பர்னிங் ராம்" என்று பெயர். ரோமாபுரி பற்றி எரிந்தபோது அங்கே சக்கரவர்த்தியாக இருந்தவன் நீரோ அல்லவா? அந்தக் கதையை வைத்துச் செய்த சிலேடை அது. பெயர் வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு. ஆனால் தட்டு பாழானவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

சாயத்தில் முக்கியமானவை மூன்று: சயனின், தாலோசயனின், அஸோ. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சூட்டை வாங்கும். ஒன்றுக்குப் போதுமான சூடு இன்னொன்றுக்கு அதிகம். தோசைக் கல்லும் வெண்கலப் பானையும் ஒரே அடுப்பில் ஒரே மாதிரி காய்வதில்லையே, அதைப் போலத்தான்.

ஆகவே லேஸர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் சுட வேண்டும் என்பது தட்டுக்குத் தட்டு மாறும். இது ரைட்டருக்கு எப்படித் தெரியும்?

தட்டுக்குள் ஒளிந்த பெயர்

தெரிவதற்கு வழி செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு வெற்றுத் தட்டிலும், லேஸர் போக வேண்டிய பாதை மெல்லிய பள்ளக் கோடாக முன்பே போடப்பட்டிருக்கும். அந்தக் கோட்டின் நெளிவிலோ அதன் ஓரத்திலோ சில குறிப்புகளைத் தயாரிப்பாளர் பதித்திருப்பார். இந்தத் தட்டை உண்டாக்கியவர் யார், எந்த ரகம், எவ்வளவு வேகம் தாங்கும் என்ற விவரம் அதில் இருக்கும்.

தட்டை உள்ளே தள்ளியதும் ரைட்டர் முதலில் படிப்பது இதைத்தான். படித்ததும் தன் நினைவில் உள்ள பட்டியலைப் பார்க்கும். "இந்தப் பெயரா? இதற்கு இவ்வளவு சூடு, இத்தனை வேகம்" என்று முடிவு செய்யும். பிறகு தட்டின் உள் ஓரத்தில் ஒரு மூலையில் கொஞ்சம் சுட்டுப் பார்த்துச் சூட்டைச் சரிசெய்துகொள்ளும். அதன் பின்புதான் எழுதத் தொடங்கும்.

பட்டியலில் இல்லாத பெயர் வந்தால்? ரைட்டர் குத்துமதிப்பாக வேலை செய்யும். 16 மடங்கு வேகம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், "எனக்கு இந்த ஆளைத் தெரியாது; 4 மடங்குக்கு மேல் போக மாட்டேன்" என்று நின்றுவிடும். அல்லது, தைரியமாக எழுதி, தட்டைப் பாழாக்கும்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? தட்டைச் செய்தவர் பெயர் யந்திரத்துக்குத் தெரிகிறது. காசு கொடுத்து வாங்கிய மனிதருக்குத் தெரிவதில்லை!

பெட்டியின் மேல் ஒரு பிரபலமான பெயர் இருக்கும். அந்தப் பெயருக்கு உரியவர்களில் பலருக்குச் சொந்தமாகத் தொழிற்சாலையே கிடையாது. தைவானிலோ ஜப்பானிலோ இந்தியாவிலோ யாரிடமோ வாங்கித் தங்கள் பெயரை ஒட்டி விற்றார்கள். இந்த மாதம் ஒருவரிடம், அடுத்த மாதம் இன்னொருவரிடம். பெட்டி அதேதான். படம் அதேதான். உள்ளே இருக்கும் தட்டு வேறு.

நல்ல பெயரெடுத்த ஜப்பான் கம்பெனியின் அடையாளக் குறியைத் தங்கள் மட்டத் தட்டில் பதித்து விற்ற போலிகளும் உலகச் சந்தையில் உலாவின. அப்போது யந்திரமே ஏமாந்தது. மனிதர் எம்மாத்திரம்?

வேகம் என்றால் என்ன?

இப்போது அந்தப் பெரிய எழுத்து வேகத்தைப் பார்ப்போம்.

சி.டி.யில் ஒரு மடங்கு என்பது வினாடிக்கு சுமார் 150 கிலோபைட். பாட்டு சி.டி. ஓடும் சாதாரண வேகம் அது. 80 நிமிஷத் தட்டை ஒரு மடங்கில் எழுத 80 நிமிஷம் ஆகும். டி.வி.டி.யில் ஒரு மடங்கு என்பது வினாடிக்கு சுமார் 1,385 கிலோபைட். சி.டி.யைப் போல ஒன்பது பங்கு. ஆகவே சி.டி.யின் 16 மடங்கும் டி.வி.டி.யின் 16 மடங்கும் ஒன்றல்ல.

52 மடங்கு என்று ஒரு சி.டி. ரைட்டரில் போட்டிருந்தால், தொடக்கம் முதல் கடைசி வரை அந்த வேகத்தில் எழுதும் என்று நினைப்பது தவறு. தட்டின் வெளி விளிம்புக்குப் போகும்போதுதான் அந்த வேகம் வரும். உள் ஓரத்தில் தொடங்கும்போது அதில் பாதி கூட இருக்காது. முழுத் தட்டையும் கணக்கிட்டால் இரண்டரை, மூன்று நிமிஷம் ஆகும்.

அந்த வேகத்தில் தட்டு எப்படிச் சுழலும்? நிமிஷத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல். வீட்டுக் கூரையில் சுற்றும் மின்விசிறி முழு வேகத்தில் சுமார் 350 சுற்று சுற்றும். அதைப் போல 30 பங்கு! தட்டின் மேல் ஒட்டிய காகிதம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் கூடத் தட்டு ஆட்டம் காணும்.

இவ்வளவு பாடு பட்டு மிச்சமாகும் நேரம் எவ்வளவு? ஒரு முழு டி.வி.டி.யை 4 மடங்கில் எழுதக் கால் மணி ஆகும். 8 மடங்கில் எட்டு நிமிஷம். 16 மடங்கில் ஐந்தரை அல்லது ஆறு நிமிஷம். 8-க்கும் 16-க்கும் நடுவே மிச்சம் இரண்டு, இரண்டரை நிமிஷம். ஒரு வாய் காப்பி குடிக்கும் நேரம். கல்யாணத்தை அந்த இரண்டு நிமிஷத்துக்காகப் பணயம் வைக்கலாமா?

இதற்காக, மிக மிக மெதுவாக எழுதுவதே நல்லது என்று நினைப்பதும் சரியல்ல. பலர் அப்படிச் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. 16 மடங்குக்கென்று செய்த சாயம், அந்த வேகத்துக்கு ஏற்ற சூட்டை எதிர்பார்க்கும். ஆமை வேகத்தில் எழுதினால், சுட வேண்டியதற்கு மேல் சுட்டு எல்லையைக் குழப்பிவிடலாம். நடு வழிதான் நல்ல வழி. 16 மடங்குத் தட்டை 8 மடங்கில் எழுதுவது பொதுவாக நல்ல பலன் தருகிறது.

கோளாறுகளும் காரணங்களும்

தட்டு எழுதும்போது வரும் தொல்லைகள் பல. ஆனால் காரணங்கள் சிலதான்.

வேகப் பட்டியலில் 16 மடங்கு காட்டவே இல்லை என்றால், ரைட்டருக்குத் தட்டைத் தெரியவில்லை என்று பொருள். ரைட்டர் பழையது, தட்டு புதியது. ரைட்டருக்குள் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற கட்டளைத் தொகுப்புக்குத் தயாரிப்பாளர் புதுப் பதிப்பு வெளியிட்டிருந்தால், அதைப் போட்டால் பட்டியல் நீளும். இல்லையென்றால் வேறு தயாரிப்பாளரின் தட்டை வாங்குவதுதான் வழி. கட்டாயப்படுத்தி வேகத்தைக் கூட்டுவதில் பயன் இல்லை.

பட்டியலில் 16 காட்டுகிறது, ஆனால் எழுதி முடிக்க முக்கால் மணி ஆகிறது என்றால், பெரும்பாலும் குற்றம் தட்டில் இல்லை; பாதையில் இருக்கிறது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. ரைட்டரோடு பேசும்போது ஆறு தடவை பிழை நேர்ந்தால், அது வேகமான வழியை விட்டு மெதுவான பழைய வழிக்கு இறங்கிவிடும். பிறகு தானாக ஏறாது. கீறல் விழுந்த ஒரு தட்டைப் படித்துப் பார்த்த பாவத்துக்கு, நல்ல தட்டுகள் எல்லாம் மாதக் கணக்கில் நத்தை வேகத்தில் எழுதப்பட்டன. எத்தனை பேர் இது தெரியாமல் புது ரைட்டர் வாங்கினார்களோ! அந்தத் தடத்தைக் கம்ப்யூட்டரின் பட்டியலிலிருந்து நீக்கி, மறுபடி துவக்கியிருந்தால் போதும். செலவே இல்லை.

யு.எஸ்.பி.யில் மாட்டும் வெளி ரைட்டரிலும் இதே சங்கதி உண்டு. பழைய யு.எஸ்.பி. 1.1 வழியில் வினாடிக்கு 12 மெகாபிட்தான் போகும். டி.வி.டி.யின் ஒரு மடங்கு வேகத்துக்கே அது போதாது. ரைட்டர் 16 மடங்கு. வழி ஒரு மடங்கு கூட இல்லை. ஒற்றையடிப் பாதையில் லாரி ஓட்டினால் எப்படி ஓடும்?

எழுதிக்கொண்டிருக்கும்போதே தட்டு பாழாவது ஒரு காலத்தில் சர்வ சாதாரணம். லேஸர் எழுதத் தொடங்கினால் நிறுத்த முடியாது. கம்ப்யூட்டரிலிருந்து விவரம் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் தாமதித்தாலும் தட்டு போயிற்று. எழுதும்போது யாரும் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டது இதனால்தான். 2000-ல் ஜப்பானின் ஸான்யோ நிறுவனம் "பர்ன்-புரூஃப்" என்ற முறையைக் கொண்டு வந்தது. விவரம் நின்றால் லேஸரும் நிற்கும்; மறுபடி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதன் பிறகு இந்தத் தொல்லை தீர்ந்தது.

"பவர் காலிபரேஷன் எர்ரர்" என்று ஓர் அறிவிப்பு வரும். பெயர்தான் பெரிது. சுட்டுப் பார்த்ததில் சரியான சூடு அகப்படவில்லை என்று அர்த்தம். லேஸரின் கண்ணில் தூசி படிந்திருக்கலாம். லேஸர் வயதாகித் தளர்ந்திருக்கலாம். அல்லது தட்டின் சாயம் மட்டமாக இருக்கலாம். வேறு தயாரிப்பாளரின் தட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அது ஓடினால் குற்றம் தட்டில். அதுவும் ஓடாவிட்டால் குற்றம் ரைட்டரில்.

கம்ப்யூட்டரில் ஓடுகிறது, டி.வி.யோடு இணைத்த பெட்டியில் ஓடவில்லை என்பது இன்னொரு புகார். இதற்கு மூன்று காரணம் சொல்லலாம். முதலாவது, எழுதி முடித்தபின் தட்டை மூடி முத்திரை வைக்காமல் விட்டது. "ஃபைனலைஸ்" என்று சொல்வார்கள். இரண்டாவது, "மைனஸ் ஆர்", "பிளஸ் ஆர்" என்ற இரட்டைக் கட்சி. ஒரே அளவு, ஒரே பளபளப்பு. ஆனால் இரண்டு கூட்டத்தார் போட்டி போட்டுக்கொண்டு இரண்டு முறைகளை வகுத்தார்கள். பழைய பெட்டிகள் சில இரண்டில் ஒன்றைத்தான் ஏற்கும். மூன்றாவது, அழித்து அழித்து எழுதும் "ஆர்.டபிள்யூ." தட்டு. அதில் ஒளி திரும்புவது குறைவு. பழைய பெட்டியின் கண்ணுக்கு அது தெரியாது.

4.7 என்று போட்டிருக்கிறதே, கம்ப்யூட்டர் 4.38 தான் காட்டுகிறது, மோசடி அல்லவா என்று கேட்பவர்களும் உண்டு. இதில் மட்டும் வியாபாரியைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். கம்ப்யூட்டர் 1,024, 1,024-ஆக எண்ணுகிறது. சரக்கு ஒன்றுதான்; படி வேறு.

எழுதினால் போதுமா?

இத்தனை தொல்லைக்கும் எளிய பரிகாரம் ஒன்று எழுதும் மென்பொருளிலேயே இருந்தது. எழுதி முடித்தபின், எழுதியதைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. "வெரிஃபை" என்று ஒரு சிறு கட்டம் திரையில் இருக்கும். அதில் ஒரு குறி போட்டால் போதும். ஆனால் அதற்கும் சில நிமிஷம் ஆகுமே! வேகத்தைப் பார்த்து வாங்கியவர்கள் அதைப் போடவில்லை.

பத்திரம் எழுதினால் வாசித்துக் கேட்காமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. கல்யாணத்தை எழுதிய தட்டை மட்டும் வாசித்துப் பார்க்காமலே பீரோவில் வைத்தார்கள். திரும்பப் படிக்காத தட்டு எழுதிய தட்டே அல்ல.

வைத்த விதத்திலும் தவறு உண்டு. சி.டி.யின் அடிப்பக்கம்தான் முக்கியம், மேல் பக்கம் கெட்டி என்று பலர் நினைத்தார்கள். நேர் எதிர்! சாயமும் உலோகப் பூச்சும் இருப்பது மேல் பக்கத்தில். அதற்கு மேல் மெல்லிய வார்னிஷ் மட்டுமே காவல். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் விவரத்தின் மேலேயே கீறியது போலாகும். டி.வி.டி.யில் சாயம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அந்த அபாயம் குறைவு. வெயிலும் புழுக்கமும் இரண்டுக்கும் ஆகாது.

இனி எதற்கு இந்தப் பேச்சு?

"இப்போது யார் சி.டி. எழுதுகிறார்கள்? எல்லாம் செல்போனில் இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம்.

கேள்வி நியாயமானது. ஆனால் அதனால்தான் அவசரம் அதிகமாகிறது.

சி.டி.ஆர். தட்டை உலகுக்குத் தந்த ஜப்பானின் தாயோ யூடன் நிறுவனம் 2015-ல் அந்தத் தொழிலை விட்டுவிட்டது. நொய்டாவில் பெரிய தொழிற்சாலைகள் வைத்து உலகமெங்கும் தட்டு அனுப்பிய மோசர் பேயர் இந்தியா நிறுவனத்தைக் கலைக்க 2018-ல் உத்தரவாயிற்று. தமிழ்ப் படங்களை மலிவு விலை சி.டி.யாக விற்றதால் தமிழ்நாட்டு வீடுகளுக்கும் பழக்கமான பெயர் அது. வெர்பாட்டிம் என்ற பெயரை ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கலிடமிருந்து தைவானின் சி.எம்.சி. நிறுவனம் வாங்கிக்கொள்வதாக 2019-ல் அறிவிப்பு வந்தது. ஸோனி நிறுவனம் எழுதத்தக்க புளூ-ரே தட்டுகளைச் செய்வதை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது.

தட்டு செய்பவர்கள் குறைகிறார்கள். மடிக்கணினிகளில் தட்டுப் போடும் வாயே இல்லை. படிக்கும் யந்திரம் கிடைக்கும்போதே படித்து எடுத்துக்கொள்ளாவிட்டால், பிறகு தட்டு நன்றாக இருந்தும் பயன் இல்லை.

அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2003-ல் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. நல்ல முறையில் வைத்தால், எழுதிய தட்டு 100 முதல் 200 வருஷம் இருக்கும் என்று சோதித்துப் பார்த்த தயாரிப்பாளர்கள் மதிப்பிட்டதாக அதில் கண்டிருக்கிறது. ஆனால் அதே நூல் எழுதாத வெற்றுத் தட்டின் ஆயுளை 5 முதல் 10 வருஷம் என்றுதான் சொல்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சரக்கை வாங்கி எழுத நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நூறு வருஷக் கணக்கெல்லாம் நல்ல சாயம், நல்ல எழுத்து, குளிர்ந்த அறை என்ற மூன்றும் சேர்ந்தால்தான். சித்திரை வெயிலில் பீரோவுக்குள் வெந்த தட்டுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

ஆகவே செய்ய வேண்டியது இது. தட்டுகளை எடுத்துத் துடைத்து, ஒவ்வொன்றாகப் படித்து, ஹார்டு டிஸ்கில் ஏற்ற வேண்டும். ஒரு பிரதி போதாது, இரண்டு வேண்டும். இரண்டும் வெவ்வேறு இடத்தில் இருக்க வேண்டும். ஒரு ரைட்டரில் படிக்காத தட்டு இன்னொன்றில் படிக்கக் கூடும். ஆகவே ஒன்றில் வரவில்லை என்று தூக்கி எறியக் கூடாது. இரண்டு மூன்று யந்திரங்களில் போட்டுப் பார்க்க வேண்டும். புதிதாகத் தட்டு எழுத வேண்டியவர்கள் முதலில் சிறு அளவில் வாங்கி, தட்டுக்குள் இருக்கும் பெயரைக் காட்டும் மென்பொருளால் செய்தவர் யாரென்று பார்த்து, நடு வேகத்தில் எழுதி, திரும்பப் படித்த பிறகே மேற்கொண்டு வாங்க வேண்டும்.

பெயர் போட என்ன தயக்கம்?

மலிவுத் தட்டை முற்றிலும் பழிக்க முடியாது. மலிவானதால்தான் சாதாரணக் குடும்பங்களும் தங்கள் வீட்டு விசேஷத்தைப் பதிந்து வைக்க முடிந்தது. அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. மலிவாக விற்றது குற்றமல்ல. என்ன விற்கிறோம் என்று சொல்லாததுதான் குற்றம்.

2011-ஆம் வருஷத்துப் பொட்டலப் பண்ட விதிகளின்படி, பொட்டலத்தின் மேல் தயாரித்தவர் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும். ஆனால் வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவர் பெயர் போட்டால் போதும். இங்கேதான் ஓட்டை! சட்டத்துக்கு உட்பட்டே செய்தவர் மறைந்துகொள்ளலாம். அரிசிக்கும் பருப்பும் வாங்கும்போது இறக்குமதி செய்தவரைத் தெரிந்தால் போதும் என்று சொல்லலாம். கண்ணால் பார்த்து, கையால் அளைந்து வாங்கலாம். தட்டையோ, மெமரி கார்டையோ, பென் டிரைவையோ எப்படிப் பார்த்து வாங்குவது? கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான்.

சி.டி.யின் காலம் முடிந்தாலும் இந்தச் சங்கடம் முடியவில்லை. பென் டிரைவின் உறை மேல் இன்றும் பெரிய எழுத்தில் வேகம் இருக்கிறது. "வரை" என்ற சொல் மட்டும் சிறிய எழுத்தில் இருக்கிறது. உள்ளே இருக்கும் சில்லைச் செய்தவர் யார் என்பது உறையில் இல்லை. போட்டிருக்கும் அளவில் கால் பங்கு கூடக் கொள்ளாத போலிகளும் சந்தையில் உண்டு. பழைய பாடத்தைப் படிக்காமலே புதிய வகுப்புக்கு வந்துவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

விவரத்தைச் சேமித்து வைக்கும் எந்தப் பொருளானாலும், அதைச் செய்தவர் பெயரும் செய்த வருஷமும் உறையின் மேல் தெளிவாக இருக்க வேண்டும். யந்திரத்துக்குச் சொல்லும் பெயரை மனிதருக்குச் சொல்வதில் தயாரிப்பாளருக்குக் கூடுதல் செலவு ஏது? ஒரு வரி அச்சுக்கு ஆகும் மைதான். சர்க்கார் நினைத்தால் விதியில் ஒரு வாக்கியம் சேர்த்து இதைச் சாதிக்கலாம்.

அதுவரை வாங்குகிறவர்கள்தான் விழிப்பாக இருக்க வேண்டும். உடைந்த பாத்திரத்துக்கு மாற்றுப் பாத்திரம் வாங்கலாம். பாழான தட்டுக்கு மாற்றுத் தட்டும் வாங்கலாம். அதில் இருந்த தாத்தாவின் குரலை எந்தக் கடையில் வாங்குவது?